பதினேழாம் நம்பரின் முன்வாசல்

வாயை விட்டது என் மகள். மாட்டிக்கொண்டது நான்.

"எங்கப்பாவுக்குத் தெரியாத ஹோட்டலே இந்த ஊர்ல கிடையாது ஆன்ட்டி. எந்தக் கிச்சன் எப்படி இருக்கும்னு அவருக்கு அத்துப்படி. இடத்தை அவரே சொல்லுவாரு" என்று தான் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையனின் அம்மாவிடம் போனில் அளந்துவிட்டு வந்து, என் முன்னால் நின்று பல்லைக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சந்திப்பதாக ஏற்பாடு. அந்த அம்மா விடியற்காலை ரயில் ஏறி வருகிறார். இரண்டரை மணி ரயிலில் திரும்பிவிடுவார். "ஒரு தடவை நேர்ல பாத்துட்டுத்தான் சரியா இல்லையான்னு சொல்லுவேன்" என்று மகனிடம் கறாராகச் சொல்லியிருக்கிறாராம். ஆக, அந்த மூன்றரை மணி நேரத்தில்தான் என் மகளின் கல்யாணம் இருந்தது.

நான் ஹோட்டல் சமையலறைகளின் சிம்னி கழுவுகிறவன். அடுப்புக்கு மேலே ஒரு தகரக் கூண்டு இருக்கும். அதிலிருந்து மொட்டைமாடி வரைக்கும் டக்ட் என்கிற தகரக் குழாய் போகும். புகையோடு எண்ணெயும் ஏறி அதற்குள் படியும். அப்படியே விட்டால் என்றைக்காவது தீப்பிடிக்கும். அதனால் கடை அடைத்த பிறகு நான் பின்வாசல் வழியாக உள்ளே போய், முகமூடியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, டக்ட்டுக்குள் தலையை விட்டுப் பிசுக்கைச் சுரண்டிக் கழுவி, தேதி எழுதிய ஸ்டிக்கரைக் கூண்டின் மேல் ஒட்டிவிட்டு, அதே பின்வாசல் வழியாக வெளியே வந்துவிடுவேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. நூற்றுப் பத்து ஹோட்டல்கள். ஒன்றில்கூட நான் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது என் மகள், அப்பா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் "கம்பெனியில வேலை" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நானும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. வேலை முடிந்து வரும்போது என் மேல் அடிக்கும் வாடை எனக்கே பிடிக்காது. அப்படிப்பட்டவள் இன்றைக்கு என் தொழிலைச் சொல்லிப் பெருமை பேசியிருக்கிறாள். அதுவும் சம்பந்தி ஆகப்போகிறவரிடம். கேட்டதும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இவள் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்ற ஒரே கவலைதான் அந்த வாரம் முழுக்க.

வீட்டுக்கே கூப்பிட்டிருக்கலாம். என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, இடது காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறாள். எங்கள் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அந்த அம்மாவுக்கோ முழங்கால் வலி. இவள் இறங்க முடியாது, அவர் ஏற முடியாது. நான் சமைத்தால் யாருமே சாப்பிட முடியாது.

"அதென்னங்க பதினொரு மணிக்கு? காலைப் பலகாரமா, மதியச் சாப்பாடா?" என்று கட்டிலில் இருந்தபடியே கேட்டாள் மனைவி.

"ரெண்டும் சேர்ந்தது. ப்ரஞ்ச்னு பேராம்."

"ரெண்டு வேளைக்கு ஒரே தடவைன்னா, ஒரு வேளை பட்டினின்னுதானே அர்த்தம்? அதுக்கு எதுக்குப் பேரு வைக்கணும்?"

வேலை நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் எந்த ஹோட்டலுக்கும் பெயர் கிடையாது. கம்பெனி கொடுக்கிறது நம்பர்தான். நம்பருக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் அடையாளம்: 'பச்சைக் கதவு, மூன்று குப்பைத் தொட்டி', 'படி உடைந்தது, ஜாக்கிரதை', 'நாய்'. இதை வைத்துக்கொண்டு ஒரு பெரிய மனுஷியை எங்கே கூட்டிப்போவது? நல்ல இடம் என்றால் என்ன? சுத்தமான இடம் என்று முடிவு கட்டினேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அப்படிப் பார்த்தால் பதினேழாம் நம்பரை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. டக்ட்டுக்குள் டார்ச் அடித்தால் என் மூஞ்சி தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை துணியால் துடைத்துவிட்டு வந்தால் போதும்.

நேர்மாறானது எண்பத்திமூன்று. பஸ் டிப்போவுக்குப் பின்னால். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போக வேண்டும். போகும்போதெல்லாம் விரல் தடிமனுக்குப் பிசுக்கு. அந்தச் சமையல்காரனை மனசுக்குள் நான் திட்டாத திட்டு இல்லை.

"பதினேழு" என்றேன் மகளிடம்.

"பேர் என்னப்பா? போன்ல போட்டுப் பாக்கணும்."

"பேரெல்லாம் எதுக்கு? நான் கூட்டிட்டுப் போறேன்."

அவள் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நானும் தைரியமாகத் திருப்பிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்து வாசலில் சந்தித்தோம். பையனை ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். நல்ல உயரம். அவனுக்கு 'ஏணி' என்று பெயர் வைத்தது என் மனைவி. இவன் மாப்பிள்ளையானால் எனக்கு ஏணிச் செலவு மிச்சம் என்பாள். அவன் அம்மா அவனுக்கு நேரெதிர். குள்ளம், கொஞ்சம் பருமன், வெள்ளை கான்வாஸ் ஷூ, தோளில் துணிப்பை. முழங்கைக்குக் கீழே நாலைந்து பழைய தழும்புகள். ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று மட்டும் மகள் சொல்லியிருந்தாள். நான் ஆபீசர் என்று நினைத்துக்கொண்டேன். பார்வை அப்படி இருந்தது.

"வாங்க மேடம். பயணமெல்லாம் சௌகரியமா?"

"காலையில ஒரு டீ குடிச்சதுதான். பசி உயிர் போகுது" என்றார்.

வளைத்துப் பேசத் தெரியாத ஆள்.

பதினேழாம் நம்பரின் சந்து வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு போய்விடுவேன். போயும் விட்டேன். பச்சைக் கதவு, மூன்று குப்பைத் தொட்டி, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கதவு பூட்டியிருந்தது. கடை திறந்திருக்கும் நேரத்தில் பின்கதவை உள்ளே பூட்டி வைப்பார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் வருகிற நேரத்தில் இதுதான் திறந்திருக்கும், முன்கதவுதான் பூட்டியிருக்கும். குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே நாலு பேரும் நின்றோம். ஒரு பூனை எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து போயிற்று.

"இதுவா அங்கிள்?" என்று ஏணி மெதுவாகக் கேட்டான்.

"இது பின்பக்கம். முன்பக்கம் அந்தப் பக்கம்" என்றேன், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

சுற்றிக்கொண்டு பெரிய தெருவுக்கு வந்ததும் தலை சுற்றியது. வரிசையாக ஏழெட்டுக் கண்ணாடிக் கதவுகள். எல்லாவற்றின் முன்னாலும் பூத்தொட்டி, எல்லாவற்றிலும் உட்கார்ந்து சிரிக்கிற ஜனங்கள். எது பதினேழு? பின்பக்கம் இடமிருந்து நாலாவது கதவு என்றால் முன்பக்கம் வலமிருந்து நாலாவது. விரல் விட்டு எண்ணினேன். ஆனால் பின்பக்கத்தில் ஒரே கடைக்கு இரண்டு கதவு இருந்தால்? மறுபடி எண்ணினேன். ஐந்து வந்தது. மூன்றாவது தடவை ஆறு. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. என் மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இதான்" என்று ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்துவிட்டேன். எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள். உள்ளே நல்ல வாசனை. மெத்தை நாற்காலிகள். ஒரு பெண் சிரித்தபடி வந்து, "நாலு பேருக்குமா சார்? முடியா, நகமா?" என்றாள்.

திருதிருவென்று முழித்தேன். பியூட்டி பார்லர். சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் என் முழி பத்துப் பன்னிரண்டாகத் தெரிந்தது. அந்த அம்மா பின்னாலிருந்து, "நகம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல வயிறு" என்றார். அவர் சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. வெளியே வரும்போது முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

கடைசியில் ஒவ்வொரு கடையாக நானே உள்ளே போய், பரிமாறுகிறவர்கள் தட்டு வாங்கும் ஜன்னல் வழியாகச் சமையலறையை எட்டிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் "என்ன சார் வேணும்?" என்று விரட்டினார்கள். மூன்றாவது இடத்தில் கூண்டின் இடது மூலையில் என் ஸ்டிக்கர், என் கையெழுத்து. கூட்டத்தில் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி இருந்தது. மணி அப்போது பதினொன்றே முக்கால்.

உட்கார்ந்தோம். வெள்ளை மேஜை, வெள்ளைத் தட்டு, வெள்ளைச் சுவர். "பாத்தீங்களா மேடம், எவ்வளவு சுத்தம்!" என்றேன். அந்த அம்மா தலையை லேசாகத் தூக்கி, காற்றை இரண்டு தடவை மூக்கால் இழுத்தார். கேட்டதும் கொடுத்ததும் ஒன்றாக, சாப்பாடு மூன்றே நிமிஷத்தில் வந்துவிட்டது. பூ மாதிரி வெட்டிய பழம், சதுரமாக ரொட்டி, வட்டமாக முட்டை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முட்டையின் ஓரம் கொதித்தது, நடு சில்லென்று இருந்தது. ரொட்டி இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தது.

அந்த அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். ஏணி கரண்டியை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தான். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. என் மகளை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் அந்தச் சில்லிட்ட முட்டையை வெட்டி வெட்டி வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள்.

"நல்லாத்தான்ப்பா இருக்கு" என்றாள், யாரும் கேட்காமலே.

முட்டை சூடு ஆறினால் கிட்டவே போக மாட்டாள் அவள். குழந்தையிலிருந்தே அப்படித்தான். தட்டை முழுக்கக் காலி செய்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து கைக்குட்டையைத் தேடுகிற மாதிரி பாவனை பண்ணினேன். அந்த அம்மா அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டிங்'.

"சார்," என்று என் பக்கம் திரும்பினார். "இந்தக் கடை டக்ட் எப்படி இருக்கும்?"

"கண்ணாடி மாதிரி இருக்கும் மேடம். வருஷத்துக்கு ஒரு தடவை துடைச்சாப் போதும்."

"துடைச்சாப் போதுமா? சுரண்ட வேண்டாமா?"

"சுரண்ட ஒண்ணுமே இருக்காது."

"அப்போ இங்க யாரும் சமைக்கிறதில்ல."

எனக்கு முதலில் புரியவில்லை. பேந்தப் பேந்த அவரையே பார்த்தேன். அவர் பொறுமையாக, பக்கத்து வீட்டுக்காரருக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னார்: "எங்கேயோ செஞ்சு, ஐஸ்ல வச்சு, கொண்டுவந்து மைக்ரோவேவ்ல சுட வைக்கிறாங்க. அதான் அந்த 'டிங்'கு. அடுப்பு எரிஞ்சாத்தானே புகை வரும்? எண்ணெய் காஞ்சாத்தானே பிசுக்கு ஏறும்? உள்ள வரும்போதே பாத்தேன், ஒரு வெங்காய வாசனைகூட இல்ல."

இருபத்திரண்டு வருஷம். நூற்றுப் பத்து டக்ட். இந்தச் சின்ன விஷயம் என் மண்டைக்கு எட்டவே இல்லை. எனக்கு வேலை வைக்காதவன் நல்லவன், வேலை வைப்பவன் கெட்டவன் என்றே கணக்குப் போட்டு வந்திருக்கிறேன். பிசுக்கு எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. மானம் போன பிறகு மறைக்க என்ன இருக்கிறது? உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"மேடம், என் பொண்ணு உங்ககிட்ட என்னைப் பத்திப் பெருமையாச் சொல்லிட்டா. எனக்கு எல்லா ஹோட்டலும் தெரியும்தான். ஆனா பின்பக்கம்தான் தெரியும். எதுலயும் சாப்பிட்டதில்ல. எது நல்ல இடம்னு எனக்குத் தெரியாது. தப்பு என்னோடது, அவளோடது இல்ல."

"அப்பா..." என்றாள் மகள்.

அந்த அம்மா முழங்கையை மேஜையில் ஊன்றினார். தழும்புகள் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தன. "தெரியாதுன்னு யார் சொன்னது? நீங்க கழுவுறதுலயே எது மோசமான டக்ட்? எந்த ஆளை நீங்க ரொம்பத் திட்டுவீங்க?"

"எண்பத்திமூணு" என்று சட்டென்று வாயில் வந்தது. "பஸ் டிப்போ பக்கம். மூணு வாரத்துல விரல் கனத்துக்கு ஏத்திருவான். கிராதகன்."

"அங்க போலாம்" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

டாக்ஸியில்தான் தெரிந்தது. ஃபேக்டரியில் அவர் ஆபீசர் இல்லை. கேன்டீனில் சமையல். இருபத்தெட்டு வருஷம், ஒரு ஷிப்டுக்கு நானூறு பேர். தழும்பெல்லாம் அடுப்புத் தட்டு சுட்டது. "ஏண்டா இவங்ககிட்ட சொல்லல?" என்று மகனைக் கேட்டார். ஏணி இரண்டாக மடங்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அதைச் சொல்ல வேண்டாம்னு இல்லம்மா..." என்று இழுத்தான். என் மகள் பள்ளிக்கூடத்தில் 'கம்பெனியில வேலை' என்று சொன்னது ஞாபகம் வந்தது. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

டிப்போவுக்குப் பின்னால் இறங்கியதும் பழைய வியாதி திரும்பிவிட்டது. இதற்கும் முன்வாசல் எந்தத் தெருவில் என்று எனக்குத் தெரியாது. விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து இறக்கினார்.

"முன்வாசல் எதுக்கு? நான் இருபத்தெட்டு வருஷமாப் பின்வாசல் வழியாத்தான் போய்ட்டு வந்தேன். நடங்க."

இங்கே கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சூடும் புகையும் சத்தமும். வெங்காயம் வதங்கும் வாசனை சந்து வரைக்கும் வந்து எங்களை இழுத்தது. சமையல்காரன் ஆள் தாட்டியாக இருந்தான். ஒரு கையில் வாணலியை உதறிக்கொண்டே, "சாப்பிடற ஆளுங்க முன்னாடி வரணும், இப்படி வரக்கூடாது" என்று கத்தினான். நான் திட்டித் தீர்த்தவனை அன்றைக்குத்தான் முகத்துக்கு நேராகப் பார்க்கிறேன். அவனுக்கும் என்னைத் தெரியவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில் தலையைத் தூக்கிக் கூண்டைப் பார்த்தேன். நான் ஒட்டி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஸ்டிக்கர் மஞ்சளடித்துப்போயிருந்தது.

அவன் என் பார்வையோடு மேலே பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

"அட! சிம்னி கழுவுறவரா நீங்க? முகமூடி இல்லாம அடையாளமே தெரியல. இன்னைக்கு உங்க முறை இல்லையே?"

"சாப்பிட வந்தேன்" என்றேன்.

"அப்படியே உள்ள போங்க, அந்தக் கதவைத் தள்ளுங்க" என்று சிரித்தான்.

தள்ளினேன். இந்தக் கூடத்தை நான் எத்தனையோ தடவை எட்டிப் பார்த்திருக்கிறேன். எப்போதும் நாற்காலிகள் மேஜைமேல் கவிழ்ந்திருக்கும். இப்போது எல்லாம் இறங்கியிருந்தன, எல்லாவற்றிலும் ஆட்கள். டிரைவர்கள், கண்டக்டர்கள், குழந்தைகளோடு ஒரு குடும்பம். ஒரு மூலை மேஜையில் உட்கார்ந்தோம். அந்த அம்மா மட்டும் சமையலறையிலேயே இரண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வந்தார். உட்காரும்போது அவர் முகம் மாறியிருந்தது. பசியாக இருக்கும் என்று நினைத்தேன்.

அதற்குள் போன். மனைவி. மகள் எடுத்து மேஜைமேல் ஸ்பீக்கரில் போட்டு வைத்தாள். "எங்க இருக்கீங்க? என்ன ஆச்சு? சாப்டாச்சா?" என்று கட்டிலிலிருந்து கேள்வியாக வந்துகொண்டிருந்தது.

முதல் தட்டு வந்தது. வெங்காயம் வதக்கிப் போட்ட முட்டை, ஓரம் முறுகின உருளைக்கிழங்கு, கைவைக்க முடியாத சூட்டில் ரொட்டி. பரிமாறுகிறவர் அதை அந்த அம்மாவின் முன்னால் வைத்தார். விடிந்ததிலிருந்து ஒரு டீ மட்டுமே குடித்த மனுஷி. அவர் தட்டைத் தொடவில்லை.

"எங்க கேன்டீனுக்கும் உங்கள மாதிரி ஒருத்தர் வருவாரு" என்றார். "மாசம் ஒரு தடவை. நான் கிளம்புற நேரத்துல பின்பக்கமா உள்ள வருவாரு. முகமூடி, தொப்பி, கையில வாளி. நானூறு பேருக்கு ஆக்கிப் போட்டேன். அவருக்கு ஒரு வாய் எடுத்து வைக்கணும்னு எனக்குத் தோணினதே இல்ல. இப்போ உள்ள நின்னு அந்த ஸ்டிக்கரைப் பாக்கும்போதுதான் தோணுது. எங்க கூண்டுலயும் ஒண்ணு ஒட்டியிருக்கும். அந்த ஆள் முகம்கூட எனக்குத் தெரியாது."

தட்டை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் நகர்த்தினார்.

"முதல்ல நீங்க சாப்பிடுங்க சம்பந்தி."

என் மகள் ஏணியின் கையைப் பிடித்தாள். ஏணி மேஜைக் காலை உதைத்துக்கொண்டான். சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று எனக்கு ஒரே குழப்பம். மறுபடி சொல்லுங்கள் என்று கேட்கவா முடியும்?

"என்னங்க? அவங்க என்ன சொன்னாங்க? இங்க ஒண்ணும் சரியாக் கேக்கல. ஏங்க, பேசுங்களேன்" என்று போன் அலறியது.

"வாயில சாப்பாடு இருக்கு. அப்புறம் சொல்றேன்" என்றேன்.

நான் இன்னும் தட்டில் கையே வைக்கவில்லை.